அது விரலில் இல்லை

என்னோடு மேடையில் வாசித்த ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். பதில் எனக்குத் தெரியும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிடக்கூடிய பதில்தான். நான் சொல்லவில்லை. சும்மா மழுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்தே ஒரு பொய்யைச் சொன்னேன். அவன் நம்பினான். நம்பியதால், தன்னிடம் இல்லாத ஒரு குறையைத் தன் கையில் தேட ஆரம்பித்தான்.

அந்தப் பொய்யை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அது எதை மறைத்ததோ அதையும் இங்கேயே முழுதாக எழுதிவிடுகிறேன். விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு தப்பை மட்டும் ஒப்புக்கொண்டால் அதனால் யாருக்கும் பயனில்லை.

நான் சென்னையில் மெல்லிசைக் குழுக்களில் லீட் கிடார் வாசித்தவன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். கல்லூரி விழாக்களில் பாதி நேரம் சினிமாப் பாட்டு, பாதி நேரம் ராக். அந்த ராக் பகுதியில் என் சோலோ வரும்போது கிடாரின் குரலே மாறிவிடும். யாரோ வாயைப் பாதி திறந்து மூக்கோடு சேர்த்து 'ஆ' என்று இழுப்பதுபோல் கேட்கும். அடியில் பருமன் இருக்காது, உச்சியில் கீச்சு இருக்காது, நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாம் முழுச் சத்தத்தில் போனாலும் அந்தக் குரல் அமுங்காது. கச்சேரி முடிந்ததும் மாணவர்கள் வந்து பேசுவது அந்த ஒலியைப் பற்றித்தான்.

அது வாவா பெடலை ஆட்டாமல் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் வருகிற ஒலி. 'வாவாவை பார்க் பண்ணி வை' என்று கிடார்காரர்கள் சொல்வார்கள்.

வாவா பெடல் அமெரிக்காவில் 1966-இல் பிறந்தது. தாமஸ் ஆர்கன் கம்பெனியில் பிராட் பிளங்கெட் என்ற இளம் பொறியாளர், வாக்ஸ் ஆம்ப்பில் இருந்த நடு அதிர்வெண்களைத் தூக்கும் சுவிட்சுக்குப் பதிலாகத் திருகக்கூடிய ஒரு பொட்டென்ஷியோமீட்டரைப் போட்டுப் பார்த்தார். குமிழைத் திருகத் திருக ஒலி வாய் திறந்து மூடியது. அந்தச் சர்க்யூட்டை ஆர்கன் வாசிப்பவர்களின் வால்யூம் பெடலுக்குள் வைத்தார்கள், குமிழின் வேலை காலுக்குப் போனது. 1967-இல் கடைக்கு வந்தபோது அதன் மேல் இருந்த பெயர் கிளைட் மெக்காய். அவர் கிடார்காரர் அல்ல, ஜாஸ் டிரம்பெட் கலைஞர். டிரம்பெட்டின் வாயில் மியூட்டை வைத்து மூடித் திறந்து அழவைப்பதில் பேர் வாங்கியவர்.

உள்ளே நடப்பதும் சிக்கலானதல்ல. முக்கியமாக ஒரு இண்டக்டர், ஒரு கப்பாசிட்டர், இரண்டு டிரான்சிஸ்டர். இண்டக்டரும் கப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் உந்தித் தள்ளுகின்றன. அதற்கு மேலேயும் கீழேயும் ஒலி சரிந்துவிடுகிறது. மிதியை அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்ப, அந்த உச்சம் இடம் மாறுகிறது. குதிகால் பக்கம் ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸ், விரல் பக்கம் ஏறத்தாழ 2,200 ஹெர்ட்ஸ். மாடலுக்கு மாடல் கொஞ்சம் வித்தியாசப்படும். மனிதக் குரலும் இப்படித்தான் வேலை செய்கிறது. தொண்டையிலிருந்து வரும் ஒரே சத்தத்தில், வாயின் வடிவம் சில அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் காட்டுவதால்தான் ஊவும் ஆவும் ஈயும் வேறு வேறாகக் கேட்கின்றன. ஆண் குரலில் 'ஆ' சொல்லும்போது 700 ஹெர்ட்ஸை ஒட்டி ஒன்றும் 1,100-ஐ ஒட்டி ஒன்றுமாக இரண்டு உச்சங்கள் இருக்கும். வாவாவின் உச்சத்தை அந்த வட்டாரத்தில் நிறுத்தினால் கிடார் பேச வாயெடுப்பதுபோல் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. டேவிட் போவியோடு வாசித்த மிக் ரான்சன் இப்படித்தான் பெடலை ஓர் இடத்தில் விட்டுவிட்டு வாசித்தார். ஃபிராங்க் ஜப்பா வாவாவை டோன் குமிழ்போலவே பயன்படுத்தினார். யுஎஃப்ஓ குழுவின் மைக்கேல் ஷெங்கர் ஃபிளையிங் வி கிடாரையும் மார்ஷல் ஆம்ப்பையும் வைத்துக்கொண்டு பெற்ற அந்தப் பாடும் குரலில், நிறுத்தி வைத்த வாவாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஸ்டுடியோ கிடாரிஸ்ட். எழுபது, எண்பதுகளின் படப் பாடல்களில் வாவா கிடார் கேட்காத காதே தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அந்த மாதிரிப் பாட்டுகளுக்கு வாசித்த கை அவருடையது. ஒருநாள் ரெக்கார்டிங் இடைவேளையில் நான் அவர் பெடலை இஷ்டத்துக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து என் காலைப் பிடித்தார். "ஆட்டாதடா. நிறுத்து. மெதுவா பின்னாடி வா... இன்னும் கொஞ்சம்... அங்க! வாய் தொறந்துச்சு பாரு. அதான் உன் எடம்." காசு கேட்கவில்லை. 'யாருக்கும் சொல்லாதே' என்றும் சொல்லவில்லை. டீயை முடித்துவிட்டு அடுத்த டேக்குக்குப் போய்விட்டார்.

மேடையில் இதைச் செய்வதில் ஒரு தொல்லை இருக்கிறது. வாவா பெடலின் சுவிட்ச் மிதியின் முன்பக்கத்துக்கு அடியில் இருக்கிறது. அதை இயக்க மிதியைக் கடைசிவரை அமுக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு முறையும் உச்சக் கீச்சில் தொடங்கி, அங்கிருந்து இறங்கித்தான் நமக்கு வேண்டிய இடத்தைப் பிடிக்க முடியும். அணைக்கும்போதும் அதே கீச்சைக் கடக்க வேண்டும். இதற்கு நான் ஒரு வழி செய்தேன். பழைய வாவா ஒன்றைப் பிரித்து, உள்ளிருந்த சர்க்யூட் போர்டை மட்டும் எடுத்தேன். ரிச்சி தெருவில் ஒரு அலுமினியப் பெட்டியும் 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரும் காலால் அழுத்தும் சுவிட்சும் வாங்கி, போர்டை அதற்குள் வைத்து சால்டர் செய்தேன். மிதி போய்க் குமிழ் வந்தது. குமிழை நிறுத்தின இடத்தில் ஒலி நிற்கும். சுவிட்சைத் தட்டினால் வரும், தட்டினால் போகும். அருமையான பெட்டி. அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன், பெயர் எதுவும் எழுதவில்லை. பார்க்கிற யாருக்கும் அது வாவா என்று தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தேன். மறைக்கும் எண்ணம் அவன் கேட்பதற்கு முன்பே எனக்குள் வந்துவிட்டது.

அவன் எங்கள் குழுவில் ரிதம் கிடார் வாசிக்க வந்த வடசென்னைப் பையன். பகலில் கூரியர் வேலை, சாயங்காலம் ரிகர்சல். காது நல்ல காது. ஒரு பாட்டை இரண்டாம் தடவை கேட்பதற்குள் கார்டுகளைப் பிடித்துவிடுவான். கையும் சுத்தம். ஒருநாள் ரிகர்சல் முடிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"அண்ணா, அந்த சோலோல ஒரு சவுண்டு வருதே, அது எப்படிண்ணா? ஏதாச்சும் பெடலா?"

"பெடலெல்லாம் இல்லடா. பிக் புடிக்கிற விதம். விரல்ல வரணும்."

"அந்தக் கறுப்புப் பெட்டி?"

"அது வெறும் பூஸ்டர். சவுண்டு கொஞ்சம் ஏறும், அவ்ளோதான்."

தலையை ஆட்டினான். என் விரல்களைப் பார்த்தான். எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அவன் என் விரல்களைப் பார்த்த அந்தப் பார்வையில் இருந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது. ஒரு பெட்டிக்குச் சேர வேண்டிய பெருமையை நான் என் கைக்கு எழுதி வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பொய் எளிதில் பிடிபடாத பொய். அதில் பாதி உண்மை கலந்திருந்தது. பிக்கைப் பிடிக்கும் கோணம், கட்டை விரலின் ஓரம் தந்தியை உரசுவது, பிரிட்ஜுக்கு எவ்வளவு பக்கத்தில் மீட்டுகிறோம் என்பது எல்லாமே ஒலியை மாற்றும். ஆகவே அவன் முயன்றபோதெல்லாம் ஏதோ ஒரு மாற்றம் கிடைத்தது. ஆனால் எப்படி மீட்டினாலும் விரலால் ஒரே அதிர்வெண்ணை எல்லாச் சுரங்களுக்கும் பொதுவாகத் தூக்கி நிறுத்த முடியாது. அது ஃபில்டர் செய்கிற வேலை. கிடைக்கவே முடியாத ஒன்றைத் தேடி அவன் கை ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் பிக்கை மாற்றினான். தடிமனானது, மெல்லியது என்று ஒவ்வொன்றாக. பிறகு தந்தியின் கேஜை மாற்றினான். பிறகு கடன் வாங்கி பிரிட்ஜ் பிக்கப்பையே மாற்றினான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ரிகர்சலுக்குச் சீக்கிரமே வந்து எனக்கு வாசித்துக் காட்டுவான். "இப்போ கொஞ்சம் பக்கத்துல வந்திருக்கா அண்ணா?" நான் "வரும், வரும். விடாம வாசி" என்பேன். முதலில் சொன்ன பொய்யைவிட இந்த 'வரும், வரும்' என்னை அதிகம் உறுத்துகிறது. முதல் பொய் வாய் தவறி வந்தது என்று யாராவது எனக்காக வாதாடலாம். பிக்கப் வாங்கிய கடன் தெரிந்த பிறகும் நான் சொன்ன 'வரும், வரும்' என்பதற்கு வாதமே கிடையாது.

கொஞ்ச காலத்தில் அவன் சோலோ வாசிக்க ஆசைப்படுவதை விட்டான். பிறகு ரிகர்சலுக்கு வருவது குறைந்தது. பிறகு வரவில்லை. கிடாரை விற்றுவிட்டான் என்று எங்கள் டிரம்மர் சொன்னார். ஒருவன் இசையை விட எத்தனையோ காரணம் இருக்கலாம். வீட்டு நிலைமை, வேலை நேரம், வருமானம் எல்லாம் இருந்திருக்கும். எல்லாம் என்னால்தான் என்று சொன்னால் அதுவும் என்னைப் பெரிதாக்கிக்கொள்வதே ஆகும். என்றாலும், 'எனக்கு விரல் சரியில்லை' என்ற எண்ணத்தை அவனுக்குள் வைத்தது நான்தான்.

ஏன் செய்தேன்? குழுவில் லீட் கிடாருக்குக் கூலி கொஞ்சம் அதிகம். அவன் என்னைவிட இளையவன், என்னைவிட வேகமாகக் கற்றான். அந்த ஒலியும் அவன் கைக்குப் போய்விட்டால் எனக்கென்று என்ன மிச்சம் இருக்கும் என்ற பயம். பயத்தை நான் பயம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. 'தொழில் ரகசியம்' என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர் கொடுத்திருந்தேன்.

எனக்குத் துணையாக ஒரு கதையும் வைத்திருந்தேன். டையர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'மணி ஃபார் நத்திங்' பாட்டில் வருகிற கிடார் இந்தக் குரலுக்கு நெருங்கிய சொந்தம். 1985-இல் வெளியான அந்தப் பாட்டுக்கு மார்க் நாஃப்ளர், இசட் இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸுடைய கிடார் ஒலியை மனதில் வைத்துத்தான் தேடினார். அந்த ஒலியை எப்படிக் கொண்டுவருவது என்று நாஃப்ளர் தன்னிடம் கேட்டதாகவும், தான் எதுவுமே சொல்லிக்கொடுக்கவில்லை என்றும் கிப்பன்ஸ் அடுத்த ஆண்டு ஒரு பேட்டியில் சொன்னார். இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு பெரிய ஆளே சொல்லவில்லை, நான் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று தோன்றியது.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியை நான் யோசிக்கவே இல்லை. நாஃப்ளர் வாசித்தது கரீபியனில் மான்செராட் தீவிலிருந்த ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டுடியோவில். பக்கத்தில் நீல் டார்ஃப்ஸ்மன் போன்ற ஒலிப்பதிவாளர் இருந்தார். லெஸ் பால் ஜூனியர் கிடாரை லேனி ஆம்ப்பில் செருகியிருந்தார்கள். ஒரு மைக் ஸ்பீக்கரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்றும் அதற்குரிய இடத்தில் இல்லை. அந்தக் கோணல் நிலையில் மைக்குகளுக்குள் போன ஒலி தற்செயலாக அப்படி அமைந்தது. பிறகு நியூயார்க்கில் அதையே மறுபடி கொண்டுவர முயன்றபோது வரவில்லை. இதையெல்லாம் டார்ஃப்ஸ்மன் பின்னாளில் ஒளிக்காமல் விவரித்தார். யாரும் சொல்லித்தராவிட்டாலும் நாஃப்ளருக்கு ஸ்டுடியோ இருந்தது, நேரம் இருந்தது, காதுள்ள துணை இருந்தது. அந்தத் தம்பிக்கு இருந்தது நான் ஒருவன்தான். சமமானவர்களுக்கு நடுவே ரகசியம் ஒரு விளையாட்டாக இருக்கலாம். நம்மை அண்ணாந்து பார்க்கிறவனிடம் ரகசியம் காப்பது அவன் வழியை அடைப்பதுதான்.

இதை எழுதுவதற்கு முன் அவனைத் தேடிப்போய்ப் பார்த்தேன். இப்போது வேறு தொழிலில் இருக்கிறான். அவன் வேலை செய்யும் இடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில் ஒன்றுதான் கேட்டான்.

"அப்போ என் விரல்ல ஒண்ணும் கொறை இல்லையாண்ணா?"

"இல்லப்பா. எப்பவுமே இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ணா."

பெட்டியைக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றான், கையில் கிடாரே இல்லை என்றான். எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க. எம்பேரு மட்டும் வேணாம்" என்றான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இது.

கிடாரிலிருந்து முதலில் வாவா, அதற்கடுத்து டிஸ்டார்ஷன். இந்த வரிசையில் வைத்தால் உச்சம் இருக்கிற இடம் டிஸ்டார்ஷனை அதிகமாக உந்தும், குரல் தடிமனாகப் பாடும். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால் ஃபில்டர் பச்சையாகத் தெரியும், ஒலி இன்னும் கூர்மையாக வெட்டுப்படும். அதுவும் ஒரு ருசிதான், ஆனால் ஷெங்கர் வழி முதலாவது. ஃபஸ் ஃபேஸ் போன்ற பழைய வகை ஃபஸ் பெடலை வாவாவுக்குப் பின்னால் செருகினால் அது வாவாவை அமுக்கிவிடும். நடுவில் ஒரு பஃபர் போட்டால் சரியாகும்.

பிரிட்ஜ் பிக்கப்பில் வாசி. டிஸ்டார்ஷனை ஆன் செய்துகொண்டே இடத்தைத் தேடு, சுத்தமான ஒலியில் தேடினால் ஏமாந்துபோவாய். மூன்றாம் தந்தியில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மிதியை உச்சியிலிருந்து மெல்லப் பின்னால் கொண்டுவா. கீச்சு அடங்கி, 'ஈ' போய், 'ஆ' திறக்கும். அநேகமாக 800 ஹெர்ட்ஸுக்கும் 1,200-க்கும் நடுவில் இருக்கும். அதோடு நிறுத்தாதே. சோலோ முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பார். முதல் தந்தியில் 17-ஆம் ஃபிரெட்டின் அதிர்வெண் 880 ஹெர்ட்ஸ். உச்சம் சரியாக அதன்மேல் உட்கார்ந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் அலறும், மற்றவை மெலியும். அப்போது உச்சத்தை ஒரு மயிரிழை தள்ளிவை. பாட்டின் சுருதி மாறினால் இடமும் மாறும்.

இடம் கிடைத்ததும் மிதியின் பக்கவாட்டில் ஒயிட்னரால் ஒரு கோடு போடு. மேடை அதிர்வில் மிதி தானாக நகரும். ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி மிதிக்கு அடியில் செருகு. அப்படிச் செருகினால் மிதியின் சுவிட்சை எட்ட முடியாது என்பதால், பெடலை ஒரு லூப் சுவிட்ச் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு அதைத் தட்டி ஒலியைக் கொண்டுவா. நான் செய்த மாதிரி குமிழ் பெட்டியும் செய்யலாம், சால்டர் செய்யத் தெரிந்தால் போதும்.

வாவாவே இல்லையா? ஏழு பட்டை ஈக்வலைசர் போதும். பாஸ் ஜிஇ-7 என்றால் 800-ஐ நன்றாகத் தூக்கு, 1.6 கிலோ ஹெர்ட்ஸைக் கொஞ்சம் தூக்கு, 100, 200, 3.2 கிலோ, 6.4 கிலோ பட்டைகளை இறக்கு. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வை. வாவாவின் உச்சம் இதைவிடக் குறுகலானது, அதனால் அச்சாக அதே ஒலி வராது, பக்கத்தில் வரும். அதிர்வெண்ணையும் அகலத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய பாராமெட்ரிக் ஈக்வலைசர் கிடைத்தால் இன்னும் நெருங்கலாம். மல்டி எஃபெக்ட்ஸ் வைத்திருந்தால் வேலை இன்னும் எளிது: உள்ளே இருக்கும் வாவாவை எடுத்து, பெடல் பொசிஷனை 'ஆ' திறக்கிற எண்ணில் பூட்டி, பாட்டுக்கு ஒன்றாகச் சேமித்துவை.

இவ்வளவுதான். இதை மறைத்துத்தான் நான் பெரிய வாசிப்பாளனாக உலாவினேன்.

விரலில் இருப்பதும் உண்டு. இழுத்த தந்தி சரியான சுருதியில் போய் நிற்பது, அங்கே அதை அசைக்கிற வேகம், ஒரு சுரத்தை எப்போது விடுவது என்ற நிதானம் ஆகியவற்றை எந்தப் பெட்டியும் தராது, வாசித்து வாசித்துத்தான் வரும். எது விரலில் வரும், எது பெட்டியில் வரும் என்று கற்றுக்கொள்கிறவனுக்குப் பிரித்துச் சொல்வதுதான் மூத்தவன் செய்ய வேண்டிய முதல் வேலை. பெட்டியில் இருப்பதை விரலில் தேடச் சொன்னால், உண்மையிலேயே விரலில் வளர வேண்டியதற்கு அவனிடம் நேரமும் மிஞ்சாது, நம்பிக்கையும் மிஞ்சாது. அவன் விஷயத்தில் நான் செய்தது அதுதான். இன்று ரிகர்சலுக்கு வருகிற பிள்ளைகள் அந்தப் பெட்டியைக் காட்டி இது என்ன என்று கேட்டால், வாவா என்று சொல்லி, அவர்கள் கிடாரை அதில் செருகி, குமிழை அவர்கள் கையிலேயே விட்டுவிடுகிறேன்.